ஹார்டு டிஸ்க்குக்கும் எல்லை உண்டு!

வெளிநாட்டில் வாங்கியது பழுதானால் புதிது கிடைக்குமா? கேட்பது எப்படி?

திருத்தணி மலைக்கு வருகிறவர்கள் சும்மா வருவது இல்லை. குழந்தைக்கு முடி இறக்க வருகிறார்கள். காது குத்த வருகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறார்கள். முருகன் சன்னதியில் தாலி கட்டவும் வருகிறார்கள்.

அந்த நாளின் நினைவு முன்பெல்லாம் போட்டோவாகச் சுவரில் தொங்கியது. அப்புறம் ஆல்பமாகப் பீரோவில் இருந்தது. இப்போது எங்கே இருக்கிறது?

ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது!

உள்ளங்கை அளவுப் பெட்டி அது. ஆயிரக்கணக்கான படங்கள் அதற்குள் அடங்கிவிடும். முழுக் கல்யாண வீடியோவும் அடங்கிவிடும்.

பல வீடுகளில் அந்தப் பெட்டி வெளிநாட்டில் இருந்து வந்ததாக இருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் கொண்டு வந்திருப்பான். துபாயில் இருக்கும் மருமகன் வாங்கித் தந்திருப்பார்.

ஒரு நாள் அது "டிக்... டிக்..." என்று சத்தம் போடும். கம்ப்யூட்டரில் சொருகினால் எதுவும் தெரியாது. எல்லோருக்கும் நெஞ்சு பதறும்.

பெட்டியின் மேல் "3 ஆண்டு வாரண்டி" என்று அச்சிட்டு இருக்கிறது. வாங்கி ஓர் ஆண்டுதான் ஆகிறது. அப்படியானால் புதிது கிடைக்குமா?

கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். அதை முடிவு செய்வது பெட்டியின் மேல் உள்ள பெரிய எழுத்து அல்ல. உள்ளே இருக்கும் சிறிய எழுத்து!

உள்ளே என்ன இருக்கிறது?

முதலில் இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. கிராமபோன் இசைத்தட்டு போல அவை சுற்றும். ஆனால் வேகம் அதிகம். நிமிடத்துக்கு 5,400 சுற்று அல்லது 7,200 சுற்று!

கிராமபோனில் முள் தட்டைத் தொடும். இதில் தொடாது. தட்டுக்கு மேலே மிக மிக நெருக்கத்தில் ஒரு சிறிய தலை மிதந்தபடி படிக்கும், எழுதும். அந்த இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். தலை தட்டைத் தொட்டுவிட்டால் ஆபத்து. தட்டில் கீறல் விழும். அங்கே இருந்த படம் போய்விடும்.

கீழே விழுந்தால் கெடுவதும், சுற்றும்போது ஆட்டினால் கெடுவதும் இதனால்தான்.

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்டது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொரு தட்டும் 24 அங்குல அகலம். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல்! அது கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்கு அந்த இடம் சரியாகப் போய்விடும்.

இன்று உலகில் ஹார்டு டிஸ்க் செய்யும் பெரிய கம்பெனிகள் மூன்றே மூன்று. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. கடையில் எந்தப் பெயரில் வாங்கினாலும், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வாரண்டி என்பது என்ன?

வாரண்டி என்பது கம்பெனி எழுதிக் கொடுக்கும் வாக்கு. "இத்தனை ஆண்டுக்குள் தானாகப் பழுதானால் மாற்றித் தருகிறோம்" என்பது அந்த வாக்கு.

"தானாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். கீழே போட்டால் வாரண்டி இல்லை. தண்ணீர் பட்டால் இல்லை. மின்சாரம் எகிறிக் கருகினால் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தாலும் இல்லை. லேபிளைக் கிழித்தாலும் இல்லை.

ஹார்டு டிஸ்க்கைக் கம்பெனி பழுது பார்த்து உங்களிடமே திருப்பித் தருவது வழக்கம் இல்லை. பழையதை வாங்கிக்கொண்டு வேறு ஒன்றைத் தரும்.

எத்தனை ஆண்டு வாரண்டி என்பது மாடலுக்கு மாடல் மாறும். காலத்துக்குக் காலமும் மாறும். 2011ஆம் ஆண்டு தாய்லாந்தில் பெரு வெள்ளம் வந்தது. ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகளில் தண்ணீர் புகுந்தது. உலகம் முழுவதும் விலை ஏறியது. அந்த ஆண்டு முடிவில், சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல மாடல்களின் வாரண்டியைக் குறைத்தன. 3 ஆண்டு இருந்தது சிலவற்றில் 2 ஆண்டு ஆயிற்று. சிலவற்றில் 1 ஆண்டாகச் சுருங்கியது.

ஆகவே, "போன தடவை வாங்கியதற்கு 3 ஆண்டு இருந்ததே!" என்று சொல்லிப் பயன் இல்லை. இந்தத் தடவை வாங்கியதற்கு எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும்.

மலை நகரவில்லை, கச்சேரி மாறியது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வாரண்டிக்குக் காலம் மட்டும் அல்ல, எல்லையும் உண்டு. இந்த நாட்டுக்கு மட்டும், இந்தப் பகுதிக்கு மட்டும் என்று கம்பெனிகள் கோடு போட்டு இருக்கின்றன.

எல்லை என்றால் என்ன என்று திருத்தணிக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவை இல்லை.

1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. திருத்தணியும் கூடவே போயிற்று. ம.பொ.சி. தலைமையில் வடக்கு எல்லைப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் சிபாரிசு வந்தது. 1959ஆம் ஆண்டு சட்டம் வந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது.

இத்தனை மாற்றத்திலும் மலை நகரவில்லை. 365 படிகளும் நகரவில்லை. முருகன் அதே இடத்தில்தான் இருந்தார். மாறியது எது? மனு கொடுக்க வேண்டிய கச்சேரி மாறியது.

ஹார்டு டிஸ்க் சங்கதியும் இதுவே. சிங்கப்பூரில் விற்ற டிஸ்க்கும் சென்னையில் விற்ற டிஸ்க்கும் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டு இருக்கலாம். உள்ளே துளி வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழுதானால் மனு கொடுக்க வேண்டிய இடம் வேறு வேறு.

ஏன் இப்படி? ஒவ்வொரு நாட்டிலும் கம்பெனிக்குத் தனித் தனி வினியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். விலை வேறு. வரி வேறு. வாரண்டிக்கு ஆகும் செலவும் விலையிலேயே சேர்ந்து இருக்கிறது. சிங்கப்பூரில் விற்றதற்கு அங்கே பணம் வாங்கியாயிற்று. அதற்கு இந்தியாவில் உள்ளவர் மாற்று தர வேண்டும் என்றால், "நான் விற்காத பொருளுக்கு நான் ஏன் தர வேண்டும்?" என்று கேட்கிறார். இதுதான் காரணம்.

எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி கோடு போடுவது இல்லை. வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும் என்று வைப்பவை உண்டு. பல நாடுகளைச் சேர்த்து ஒரு பெரிய பகுதியாக வைப்பவையும் உண்டு. அப்படிப்பட்ட பகுதிக்குள் இந்தியாவும் நீங்கள் வாங்கிய நாடும் சேர்ந்து இருந்தால் உங்கள் பாடு எளிது. ஆகவே, "வெளிநாட்டுச் சரக்கு, ஒன்றும் நடக்காது" என்று கேட்காமலே விட்டுவிடாதீர்கள். கேட்டுப் பார்க்கக் காசு ஆவது இல்லை.

சீரியல் நம்பர் சொல்லும் ஜாதகம்

கேட்பது எப்படி? டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். சீரியல் நம்பர் என்று எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். அதுதான் டிஸ்க்கின் ஜாதகம்.

கம்பெனியின் சொந்த இணையதளத்தில் வாரண்டி பார்க்கும் பக்கம் இருக்கிறது. அதில் சீரியல் நம்பரைக் கொடுங்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்கும். இந்தியா என்று சொல்லுங்கள். உடனே பதில் வரும்.

பதில் பெரும்பாலும் நான்கு வகை.

1. "வாரண்டி உண்டு. இன்ன தேதி வரை." நல்ல செய்தி! இங்கேயே கேட்கலாம்.

2. "வாரண்டி முடிந்தது." பில்லை எடுத்துப் பாருங்கள். பில் காட்டாதவரை, பல கம்பெனிகள் தொழிற்சாலைத் தேதியை வைத்துக் கணக்குப் போடுகின்றன. டிஸ்க் கடையில் 8 மாதம் தூங்கி இருந்தால், அந்த 8 மாதமும் உங்கள் கணக்கில் கழிந்துவிடும். பில்லைக் காட்டினால் வாங்கிய தேதியில் இருந்து கணக்கிடுவார்கள்.

3. "இது வேறு பகுதியில் விற்ற பொருள்." எல்லைப் பிரச்சினை இதுதான். வாங்கிய நாட்டில் கேட்க வேண்டும்.

4. "இது கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கொடுத்த டிஸ்க். எங்களிடம் வாரண்டி இல்லை." லேப்டாப்போடு சேர்ந்து வந்த டிஸ்க்குக்கு இந்தப் பதில் வரும். லேப்டாப் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

தனியாகக் கடையில் வாங்கிய புது டிஸ்க்குக்கும் நான்காவது பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். எங்கோ பழைய எந்திரத்தில் இருந்து கழற்றியதாக இருக்கலாம்.

இது வெறும் பயம் அல்ல. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளிப்பட்டது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளைப் புத்தம் புதியவை என்று விற்று இருந்தார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை அழித்து இருந்தார்கள். ஆனால் டிஸ்க்குக்குள்ளேயே இருந்த மற்றொரு பதிவு உண்மையைக் காட்டிக் கொடுத்துவிட்டது! வாங்கிய அன்றே சீரியல் நம்பரைச் சரிபார்ப்பது ஏன் நல்லது என்று இப்போது புரிகிறது அல்லவா?

கடைக்காரர் சொன்ன கணக்கு

ஒரு பெரியவர், மகன் சிங்கப்பூரில் இருந்து கொண்டு வந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"தம்பி, இது வேலை செய்யவில்லை. வாரண்டி இருக்கிறது. மாற்றிக் கொடு."

"பில் இருக்கிறதா, ஐயா?"

"பையன் வாங்கியது. சிங்கப்பூர் பில்."

"அப்படியானால் அங்கேதான் ஐயா கேட்க வேண்டும். இங்கே எடுக்க மாட்டார்கள்."

"இங்கே இருந்து கூரியரில் அனுப்பினால்?"

"அனுப்பலாம். கட்டுப்படி ஆகுமா என்று பாருங்கள். டிஸ்க் 6 ஆயிரம் ரூபாய். போகிற செலவு 2 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற செலவு இருக்கிறது. உள்ளே வரும்போது சுங்க வரி கேட்டால் அது வேறு. அதற்குப் புதிதே வாங்கிவிடலாம்."

"அப்போ விட்டுவிட வேண்டியதுதானா?"

"எதற்கு விட வேண்டும்? பையன் எப்போது ஊருக்கு வருகிறார்?"

"பொங்கலுக்கு வருகிறான்."

"அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். அங்கே போய் அவர் கேட்கட்டும். வாங்கினவர் கேட்டால் வேலை சுலபம்."

இதுதான் சரியான யோசனை. டிஸ்க் எல்லையைத் தாண்டிப் பார்சலில் போவதைவிட, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் போவது மலிவு. பத்திரமும் கூட.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அனுமதி எண்ணை முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். பழுதான டிஸ்க்கைத் திருப்பி அனுப்பக் கம்பெனி ஓர் எண் கொடுக்கும். ஆர்.எம்.ஏ. நம்பர் என்று சொல்வார்கள். அதற்கு ஆயுள் குறைவு. பொதுவாக 30 நாள்தான். மகன் விமானம் ஏறும் நாளைப் பார்த்து விண்ணப்பம் போடுங்கள். மகனின் சிங்கப்பூர் முகவரியையே கொடுங்கள்.

அந்த நாட்டுச் சட்டமும் துணை

வாங்கிய நாட்டிலேயே கேட்பதில் இன்னொரு லாபம் உண்டு. அந்த நாட்டுச் சட்டம் துணைக்கு வரும்.

சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 1ந் தேதி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை விற்கும்போதே இருந்தது என்று வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுது பார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம்.

இது கம்பெனியின் வாரண்டி அல்ல. கடைக்காரர் மீது உள்ள உரிமை. கடைக்காரர் கையை விரித்தால், அங்கே சிறு வழக்குகளுக்கு என்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. 20 ஆயிரம் சிங்கப்பூர் டாலர் வரை அதில் கேட்கலாம்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே வாரண்டி பற்றி ஒரு சட்டம் செய்தார்கள். வாரண்டி நிபந்தனைகளை, வாங்குவதற்கு முன்பே படித்துப் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. அங்கே இருக்கும் உறவினர் உங்களுக்காக வாங்கும்போது, "இந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா?" என்று படித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுக்கலாம்.

பார்சல் கட்டுவதில் இருக்கிறது சூட்சுமம்

அனுமதி எண் வந்தாயிற்று. பார்சல் கட்ட வேண்டும். இங்கே கவனம் தேவை. சரியாகக் கட்டாமல் அனுப்பினால், "வழியில் அடிபட்டு இருக்கிறது" என்று கம்பெனி மறுத்துவிடலாம்.

டிஸ்க்கை முதலில் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பையில் போடுங்கள். நிலை மின்சாரம் தாக்காமல் அது காக்கும். புது டிஸ்க் அந்தப் பையில்தான் வரும். அதனால் பையை எறியாமல் வைத்திருங்கள்.

பிறகு ஆறு பக்கமும் இரண்டு அங்குலத் தடிமனுக்கு ஸ்பாஞ்சு வையுங்கள். கெட்டியான அட்டைப் பெட்டியில் வையுங்கள். பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணிப்பது போதாது. வழியில் அது அமுங்கிவிடும்.

பெட்டியின் வெளியே அனுமதி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். எண் இல்லாத பெட்டியை வாங்க மறுப்பது உண்டு. அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேபிள், பவர் அடாப்டர், உறை எதையும் சேர்த்து அனுப்பாதீர்கள். கம்பெனி கேட்டால் மட்டும் அனுப்புங்கள். டிஸ்க்கைத் தவிர மற்றவை திரும்பி வராமல் போகலாம்.

கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டிஸ்க்கை எல்லாப் பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். சீரியல் நம்பர் தெரிய வேண்டும். கீறல் இல்லை, நசுங்கல் இல்லை என்பதும் தெரிய வேண்டும். நாளைக்கு விவாதம் வந்தால் அதுவே சாட்சி.

திரும்பி வருவது புதிதா?

பலர் ஏமாந்து போகும் இடம் இது. திரும்பி வருவது புத்தம் புதிய டிஸ்க்காக இருக்கும் என்று எண்ணுகிறார்கள். அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பழுது நீக்கி, சோதனை செய்து, சரி என்று முத்திரை குத்திய டிஸ்க்கையே கம்பெனிகள் பெரும்பாலும் அனுப்புகின்றன. வாரண்டி நிபந்தனையில் அதற்கு இடம் இருக்கிறது. குறை சொல்ல முடியாது.

அப்படி வந்த டிஸ்க்குக்கு மீண்டும் முழு வாரண்டி கிடையாது. பழைய டிஸ்க்கில் மிச்சம் இருந்த காலம் எவ்வளவோ, அவ்வளவுதான். மிச்சம் மிகக் குறைவாக இருந்தால், 90 நாள் தருவது பல கம்பெனிகளின் வழக்கம்.

நம் ஊர்க் கடையில் வாங்கியது வெளிநாட்டுச் சரக்கா?

இன்னொரு வகைத் தொல்லையும் உண்டு. நீங்கள் வெளிநாடு போகவில்லை. சென்னை போனீர்கள். கடையில் வாங்கினீர்கள். விலை கொஞ்சம் குறைவு. பழுதானதும் கேட்டால், "இது இந்தியாவுக்கு வந்த சரக்கு இல்லை" என்கிறார்கள்!

வேறு நாட்டுக்கு என்று போன சரக்கைச் சிலர் பக்க வழியில் கொண்டு வந்து விற்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

இறக்குமதி செய்து விற்கும் பெட்டியின் மேல், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். அதிகபட்ச சில்லறை விலை ரூபாயில் இருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த எடை அளவு விதிகள் இப்படிச் சொல்கின்றன. இந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 3 ஆண்டு வாரண்டியை இழக்க வேண்டாம்.

வாங்கிவிட்டால் என்ன செய்வது? சிங்கப்பூர்க் கடைக்காரரைத் திருவள்ளூருக்கு இழுப்பது கடினம். ஆனால் இந்தியாவில் விற்ற கடைக்காரரை இழுக்கலாம்!

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டு புதுச் சட்டம் செய்தார்கள். அது 2020ஆம் ஆண்டு ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடி இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருத்தணிக்காரர் திருவள்ளூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கடைக்காரர்தான் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும்.

பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வழக்குக்குக் காரணம் ஏற்பட்டதில் இருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

வழக்குக்கு முன் ஒரு போன் செய்து பாருங்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைக் குறித்துக்கொண்டு கம்பெனிக்கு அனுப்புவார்கள். பல தகராறுகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பில்! பல கடைகளில் கொடுக்கும் பில் வழவழப்பான தாளில் இருக்கும். சில மாதத்தில் எழுத்து மங்கி, வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தைப் பழுதாகப் போகும் டிஸ்க்குக்குள்ளேயே வைக்காதீர்கள்!

வாரண்டி தராத ஒன்று

இவ்வளவும் செய்தாயிற்று. வேறு டிஸ்க் வந்துவிட்டது. பெட்டியைத் திறக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் சொருகுகிறீர்கள். வேலை செய்கிறது!

ஆனால் அதற்குள் ஒன்றும் இல்லை. குழந்தையின் மொட்டைத் தலை இல்லை. காவடி இல்லை. தாலி கட்டிய காட்சி இல்லை.

வாரண்டி என்பது பெட்டிக்கு. உள்ளே இருந்ததற்கு அல்ல. எந்தக் கம்பெனியின் நிபந்தனையைப் படித்தாலும் இது தெரியும். அனுப்பிய பழைய டிஸ்க்கும் திரும்பி வராது.

ஆகவே டிஸ்க்கை அனுப்புவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். உள்ளே இருப்பதற்கு வேறு பிரதி இருக்கிறதா? இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். இல்லாவிட்டால், முதலில் படங்களை மீட்க முடியுமா என்று பாருங்கள். அதற்கு என்றே நிலையங்கள் இருக்கின்றன. டிஸ்க் விலையைப்போலப் பல மடங்கு செலவு ஆகலாம். தெரியாதவர் மூடியைத் திறந்தால் வாரண்டியும் போகும், படமும் போகும். கம்பெனி ஏற்றுக்கொண்ட மீட்பு நிலையம் எது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வங்கிக் கணக்கு, பத்திர நகல் போன்றவை அதில் இருந்தால் இன்னொரு யோசனையும் வேண்டும். டிஸ்க் ஓடும் நிலையில் இருந்தால் அவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள். ஓடாவிட்டால், வாரண்டி பெரிதா, ரகசியம் பெரிதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று பிரதி

இந்தத் துயரம் வராமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான்.

முக்கியமான எதற்கும் மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை இரண்டு வகைச் சாதனத்தில் வையுங்கள். ஒன்றையாவது வேறு வீட்டில் வையுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் ஒன்று. இணையத்தில் சேமித்தாலும் அது வேறு வீட்டுக் கணக்குதான்.

மிக முக்கியமான பத்துப் படங்களைக் காகிதத்தில் போட்டுச் சுவரிலும் மாட்டுங்கள். சுவரில் இருக்கும் படத்தைப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

அடுத்த தடவை வெளிநாட்டில் இருந்து மகன் போனில், "அப்பா, என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்பான். ஹார்டு டிஸ்க் வேண்டும் என்றால், கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்.

"கடைக்காரரிடம், இந்த வாரண்டி நம் ஊரில் செல்லுமா என்று கேட்டு வாங்குப்பா. செல்லாது என்றால் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்."